மூன்று நாள் சலுகை

வெள்ளிக்கிழமை மதியம் நூலகர் அம்மா ஒரு தடித்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, நகல் எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்த கடைக்காரர், "எத்தனை காப்பிம்மா?" என்றார்.

"காப்பி எல்லாம் வேண்டாம். எங்க வீட்டுல இருந்துகிட்டே ஒருத்தர் என்னைக் காட்டிக் கொடுக்கிறார். அது உறுதியா அவர்தானான்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும்."

கடைக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தெருவே அவரை ஜெராக்ஸ் என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் மட்டும் உயிரோடு இருந்தது. நாளெல்லாம் பிறர் எழுதியதை நகல் எடுத்துப் பிழைக்கிற மனிதருக்குத் துப்பறிவது ஒன்றுதான் சொந்தச் சரக்கு. அந்தச் சரக்கு இதுவரை ஒருமுறைகூட விலைபோனதில்லை என்பது வேறு விஷயம்.

உண்மையில் துப்பறிகிறவர் கடை மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். எதிர் டிப்போவில் பஸ்களுக்குக் கால அட்டவணை போடும் அம்மாள். எந்த வண்டி எங்கே எத்தனை நிமிடம் நிற்கும் என்று பதினெட்டு வருடமாகக் கணக்குப் போட்டதில் நிதானம் எலும்பு வரை இறங்கியிருந்தது. எல்லோருக்கும் அவர் அட்டவணை மேடம்.

"உக்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க," என்றார்.

நூலகர் அம்மா சொன்னார். காலமான கணவர் ஒரு விடுமுறை கிளப்பில் சேர்ந்திருந்தார். கிளப் வருடத்துக்கு இத்தனை புள்ளிகள் என்று கொடுக்கும். அந்தப் புள்ளிகளைச் செலவழித்து அவர்களுடைய விடுதிகளில் அறை எடுக்கலாம். "அவர் போன பிறகு நான் தனியா எங்க போய் நிக்கிறது? அதான் புள்ளிகளை வாடகைக்கு விடறேன். வர்றவங்க தேதி சொல்வாங்க. என் புள்ளியில அறை பிடிச்சு வைப்பேன். பணம் கட்டினதும் அறையை அவங்க பேருக்கு மாத்தி, அனுமதிக் கடிதம் அனுப்புவேன்."

"அதாவது அறை உங்களோடது இல்லை, புள்ளிதான் உங்களோடது. அந்தப் புள்ளியையும் நீங்க விக்கலை…" என்று ஜெராக்ஸ் விரல் மடக்கினார்.

"ஆமா."

"புரிஞ்சுது," என்றார் ஜெராக்ஸ். புரியவில்லை.

சிக்கல் இதுதான். தங்கும் நாளுக்கு முப்பது நாள் முன்புவரை அறையை ரத்து செய்தால் புள்ளிகள் திரும்பி வரும். அது தாண்டினால் யார் தங்கினாலும் தங்காவிட்டாலும் புள்ளிகள் போனது போனதுதான். இந்த வருடம் வந்த மூன்று பேரும் அந்தக் கடைசி நாள் வரை "இதோ, நாளைக்கு" என்று இழுத்தார்கள். மறுநாள் பொழுது விடிந்ததும் மூன்று பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: பாதிதான் தருவோம், இல்லையென்றால் அறை சும்மா கிடக்கட்டும்.

"மூணு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. வேற வேற ஊரு. ரத்து பண்ற கெடு என்னைக்கு முடியுதுன்னு எனக்கும் கீழ் வீட்டு மாப்பிள்ளைக்கும் மட்டும்தான் தெரியும். கிளப் விதிப் புத்தகத்தை அலமாரியில பூட்டி வெச்சிருக்கேன்."

கீழ் வீட்டு மாப்பிள்ளை என்பது அவருடைய தங்கை கணவர். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடி விற்கிறவர். பத்து வருடமாக அவர்கள் கீழே, நூலகர் அம்மா மேலே. புள்ளிகளை வாடகைக்கு விடும் விளம்பரத்தைக் கணினியில் அடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

"வெறும் சந்தேகமா, ஆதாரம் இருக்கா?" என்றார் மேடம்.

நூலகர் அம்மா ஃபைலிலிருந்து ஒரு சிறு தாளை எடுத்தார். "ரெண்டாவது ஆள் பாதிப் பணம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு கட்டினான். ரெண்டு நாள் கழிச்சு என் கணக்குல இன்னொரு பத்தாயிரத்து ஐந்நூறு விழுந்தது. மனசாட்சி உறுத்திக் கட்டிட்டான்னு நினைச்சேன். போன வாரம் மாடிப்படியில இந்த ரசீது கிடந்தது. எங்க தெரு முனை வங்கியில கட்டியிருக்கு. கையெழுத்து மாப்பிள்ளையோடது! அவங்களோட கூட்டு வெச்சுப் பங்கு வாங்கிட்டு, பயந்துபோய்த் திருப்பிக் கட்டியிருக்கார். மூணாவது ஆளும் நேத்து அதே மாதிரி பண்ணிட்டான். தங்கச்சிகிட்ட உடைச்சுச் சொல்லிட்டேன். அவ ஒரு வார்த்தை பேசலை. பெட்டி கட்டிட்டா. ஞாயித்துக்கிழமை லாரி வருது." குரல் நூலகத்தில் பேசுவதுபோல் தாழ்ந்தது. "எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான். நான் சொன்னது தப்பா இருந்துட்டா?"

மேடம் ஃபைலைப் புரட்டினார். மூவருக்கும் போன கடிதங்கள் தேதி மட்டும் மாறி ஒரே அச்சாக இருந்தன. மூன்றாவதை ஜெராக்ஸ் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்.

'அன்புடையீர், வாடகை இருபதாயிரத்தை 14ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டுகிறேன். அறையை ரத்து செய்து புள்ளிகளைத் திரும்பப் பெறும் கெடு அன்றோடு முடிவதால் இந்த வேண்டுகோள். தவிர்க்க முடியாத காரணம் இருப்பின் மூன்று நாள் சலுகை உண்டு. சிரமத்துக்கு மன்னிக்கவும்.'

"என்ன மரியாதை! என் கல்யாணப் பத்திரிகையிலகூட இவ்வளவு மரியாதை இல்லை," என்று ஜெராக்ஸ் உருகினார்.

"எல்லாரும் இருபதாயிரம்தான் தரணுமா?" என்று கேட்டார் மேடம்.

"ரெண்டாவது ஆளுக்கு மட்டும் ஆயிரம் குறைச்சேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு போன்ல சொன்னான். பத்தொன்பதுன்னு பேசினோம்."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அவனுக்கும்தான். தங்கச்சிகிட்டகூடச் சொல்லலை, ஏமாளின்னு திட்டுவா. பாதிதான் வந்ததுன்னு அழுதப்ப, ஒன்பதாயிரத்து ஐந்நூறுன்னு தொகையை மட்டும்தான் சொன்னேன்."

மேடம் மூன்றாவது ஆளின் செய்தியைப் படித்தார். 'ஐந்து பேருக்கும் ரயில் டிக்கெட் எடுத்தாச்சு. பாதி வாங்கிக்கிட்டு அனுமதிக் கடிதத்தை அனுப்புங்க.' படித்ததும் டப்பாவைப் பைக்குள் போட்டார். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உங்க வீட்டுக்கு வரேன். எல்லாரும் இருக்கட்டும்."

அன்று மாலை ஜெராக்ஸ் சும்மா இருக்கவில்லை. முதலில் கிளப் குமாஸ்தாவைச் சந்தேகப்பட்டார். பிறகு கணினிக்குள் ஒற்றன் என்று நினைத்தார். ஒரு கட்டத்தில் பேசாமல் இருக்கும் தங்கைமேல் பாய்ந்தார். குற்றவாளிகள்தான் பேச மாட்டார்கள் என்று எங்கோ நகல் எடுத்த ஞாபகம். கடைசியில் மாறுவேடமாக ஒரு தொப்பி போட்டுக்கொண்டு கண்ணாடிக் கடைக்கே போனார்.

மறுநாள் காலை வழியில் அறிக்கை கொடுத்தார். "மேடம், ஆளை ஒரு மணி நேரம் பக்கத்துலேருந்து பார்த்தேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"கிட்டப் பார்வை எனக்கு மோசமாம். கண்ணாடிக்கு முன்பணம் கொடுத்துட்டு வந்தேன்." கொஞ்ச தூரம் நடந்தபின் சேர்த்துச் சொன்னார்: "ஆனா மேடம், அவர் முகத்துல களையே இல்லை. வீடு மாறப் போறீங்களாமேன்னு கேட்டேன். லென்சைத் துடைச்சுக்கிட்டே இருந்தார். ஒரே லென்சை, பத்து நிமிஷம். எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை."

மாடிக் கூடத்தில் நான்கு பக்கமும் புத்தக அலமாரிகள், ஒவ்வொன்றிலும் எண்ணிட்ட சீட்டு. தங்கை ஜன்னலோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் விரல்களில் பெட்டி ஒட்டும் நாடாவின் பிசுக்கு. கண்ணாடிக்காரர் கதவருகே, பாதி உள்ளே பாதி வெளியே.

"முதல் கேள்வி," என்றார் மேடம். "கெடு முடிஞ்ச சேதியை மூணு பேருக்கும் யார் சொன்னது? அம்மா, இந்தக் கடிதத்துல ரெண்டாவது வாக்கியத்தைச் சத்தமா வாசிங்க."

நூலகர் அம்மா வாசித்தார். "'அறையை ரத்து செய்து புள்ளிகளைத் திரும்பப் பெறும் கெடு அன்றோடு…'" நின்றார். 

"ஐயோ!" என்றார் ஜெராக்ஸ். இந்த வாக்கியத்தை அவரும் படித்து உருகியிருந்தார்.

"புத்தகத்தை அலமாரியில பூட்டிட்டு, சாவியைக் கடிதத்துல வெச்சு அனுப்பியிருக்கீங்க. அதுவும் மூணு தடவை. மூணு பேரும் கூடிப் பேச வேண்டியதே இல்லை. ஒரே கடிதம், ஒரே சபலம்."

"காரணம் சொல்லாம எப்படிங்க கெடு வைக்கிறது?" நூலகர் அம்மா திணறினார். "முப்பது வருஷமா, புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கன்னு எழுதினா, அடுத்த வாசகர் காத்திருக்கார்னு காரணம் எழுதுவேன். மூணு நாள் சலுகையும் தருவேன். ஒருத்தரும் ஏமாத்தினதில்லை."

"புத்தகம் நாலு நாள் கழிச்சு வந்தாலும் புத்தகம்தான். புள்ளி அப்படி இல்லை. கடைசி பஸ் போற நேரத்தையே சந்திக்கிற நேரமா வெச்சு, அதுக்கு மேல மூணு நாள் சலுகையும் கொடுத்திருக்கீங்க. பதினஞ்சாம் தேதி மூணாவது ஆள் பேரம் பேசினப்ப, உங்க கடிதப்படி அவன் தாமதமே பண்ணலை. நீங்க வெச்ச கெடு, ரத்து பண்ற கெடுவுக்கு ஒரு வாரம் முன்னாடி இருந்திருக்கணும். பணம் வரலையா, மறுநாளே ரத்து. விளக்கம் வேண்டாம்."

"அப்ப ரசீது?" என்றார் நூலகர் அம்மா, கதவுப் பக்கம் பார்க்காமல்.

"அது ரெண்டாவது கேள்வி. உங்க ரெண்டாவது ஆள் தர வேண்டியது பத்தொன்பது. கட்டினது ஒன்பதரை. மீதி?"

"ஒன்பதரை," என்றார் ஜெராக்ஸ். அன்று அவர் சரியாகச் சொன்ன ஒரே விடை.

"ரசீதுல பத்தரை இருக்கு. அந்த ஆளோட கூட்டுன்னா, ஆயிரம் குறைச்சது தெரிஞ்சிருக்கும், ஒன்பதரை கட்டியிருப்பார். இவர் அந்த ஆளோட ஒரு வார்த்தை பேசினதில்லை. இவருக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. தானே அடிச்ச விளம்பரத்துல இருந்த இருபது. அக்கா அழுததா மனைவி வந்து சொன்ன ஒன்பதரை. கழிச்சுப் பார்த்து, சொந்தக் காசைக் கொண்டுபோய்க் கட்டியிருக்கார்."

தங்கை மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். தங்கைக்கும் இது புதுச் செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. "எனக்குக்கூடவா சொல்லலை? பெட்டி கட்டும்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே, மனுஷா!"

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தபடி பேசினார். "அந்தக் கிளப்புல சேரவே மாட்டேன்னார் சகலை. நான்தான் நச்சரிச்சு இழுத்துட்டுப் போனேன். அவரும் போயிட்டார். அக்கா அந்தப் புள்ளியை வெச்சுக்கிட்டு அல்லாடுறதைப் பார்க்க முடியலை. முதல் தடவை கையில காசில்லை. ரெண்டாம் தடவை இருந்தது. சொன்னா வாங்க மாட்டாங்கன்னுதான் சொல்லலை. அப்புறம் திருடன்னு சொன்னாங்க. அதுக்கு மேல சொன்னா, திருடன் சொல்ற கதை மாதிரிதானே இருக்கும்?"

ஜெராக்ஸ் அலமாரிப் பக்கம் திரும்பி, தலைகீழாக இருந்த ஒரு புத்தகத்தின் தலைப்பை வெகு நேரம் படித்தார். புதுக் கண்ணாடி வந்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"மூணாவது ஆள் இன்னும் பாக்கி," என்றார் மேடம். "அறை இன்னும் உங்க பேர்லதான் இருக்கு. புள்ளி போனாலும் அறை போகலை; யார் பேரை வேணும்னாலும் போடலாம். அவன்கிட்ட இருக்கிறது அஞ்சு ரயில் டிக்கெட், படுக்க இடம் இல்லை. நீங்க கொடுத்த வாக்குப்படி இன்னைக்கு வரைக்கும் நேரம் இருக்கு. எழுதுங்க."

நூலகர் அம்மா போனை எடுத்து எழுதினார். மேடம் வாங்கிப் பார்த்து, பாதியை அழித்தார். மறுபடி எழுதினார். மறுபடி அழித்தார். 'சிரமத்துக்கு மன்னிக்கவும்' என்பது மூன்று முறை முளைத்து மூன்று முறை செத்தது. கடைசியில் போனது இவ்வளவுதான்: 'முழு வாடகை இன்று மாலை ஐந்து மணிக்குள். இல்லையேல் அறை வேறு பெயருக்கு.'

"மொட்டையா இருக்கே," என்று தவித்தார் நூலகர் அம்மா.

நாற்பது நிமிடத்தில் இருபதாயிரமும் வந்து விழுந்தது. கூடவே, 'கோபப்படாதீங்க மேடம்' என்று ஒரு வரி.

அட்டவணை மேடம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பின்னாலேயே போன ஜெராக்ஸ் படியில் நின்றுவிட்டார். துப்பறிகிறவர் ஒட்டுக் கேட்பது தொழில் தர்மம்.

 மன்னிப்புக் கேட்க நூலகர் அம்மாவுக்குக் கடிதங்களில்தான் பழக்கம். நேருக்கு நேர் வாய் வரவில்லை. கடைசியில், "மாப்பிள்ளை," என்றார். ரசீது கிடைத்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. "உங்களோட பத்தாயிரத்து ஐந்நூறு என்கிட்ட இருக்கு. என்னைக்குள்ள தரணும்னு ஒரு தேதி சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"என்ன அவசரம் அக்கா? நான் எங்க போகப் போறேன்? கீழதானே இருக்கேன்."