வளைந்த கத்திக்கு இரண்டு பூட்டு

போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் ரேகா இட்லியைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று இத்தனை வருட சர்வீஸ் சொன்னது.

எடுத்தாள்.

"மேடம்... சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னாடி சந்துல, ஒரு வீட்டுக்குள்ள பாடி!"

பேசியவர் ஏட்டு மணவாளன். பண்ருட்டிக்காரர். எப்போதும் அமைதியான குரல். இன்றைக்கு அதிலும் பாதிதான் வந்தது.

"யாரு ஏட்டய்யா?"

"டேவிட் ராஜ். பழைய கார் வாங்கி விக்கிறவன். கழுத்துல வெட்டு."

இட்லி அப்படியே கிடந்தது.

டேவிட் ராஜ் சொந்த வீட்டு ஹாலில் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் ஒரு மடக்குக் கத்தி. விரிந்தபடி... புலி நகம் மாதிரி வளைந்து... பிடியின் முனையில் ஒரு வளையம்!

"யாரும் தொடாதீங்க! விரிஞ்சது விரிஞ்சபடியே ஃபாரன்சிக் கவர்ல போகட்டும்."

மணவாளன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"முடியல மேடம். பாப்பா போனதுலேர்ந்து ரத்தத்தப் பாத்தா தலை சுத்துது."

போன வருடம் அவருடைய ஒரே மகளை வடலூர் ரோட்டில் ஒரு கார் அடித்துவிட்டுப் போனது. எந்தக் கார் என்று இன்றுவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு மனுஷன் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. அவரைக் கடிந்து பேச ரேகாவுக்கு மனசே வராது.

கத்தியின் பிடியில் கடைப் பெயர் பொறித்திருந்தது. மாலிக், கடலூர் முதுநகர்.

*

"என் கடைக் கத்திதான் மேடம்," என்றார் அப்துல் மாலிக். "இந்த மாடல்ல வந்ததே ரெண்டு. ஒன்னு லூர்து பிரகாஷ் எடுத்தான். மீன்பிடிக்கிற பையன்."

"இவ்ளோ வளைஞ்சது அவனுக்கு எதுக்கு?"

"வலைக் கயிறு அறுக்க! நேர் கத்தி ஈரக் கயித்துல வழுக்கும். இது கொக்கி போட்டு இழுத்துக்கும். படகு ஆடுறப்ப கைய விட்டுப் போவாம இருக்க இந்த வளையம். சுண்டுவிரல் உள்ள போவணும், லொடலொடன்னு ஆடக் கூடாது. செருப்பு வாங்குற மாரி ஒவ்வொன்னா மாட்டிப் பாத்து எடுத்தான்."

மாலிக் இன்னொன்றை நீட்டினார். ரேகா திறக்கப் பார்த்தாள்.

ம்ஹூம்!

"அங்கதான் விஷயம்! இதுக்குப் பூட்டு ரெண்டு. முதுகுல பித்தளைக் கொண்டி இருக்குல்ல? கட்டைவிரலால அழுத்துனா ஒரு பூட்டு, அழுத்திக்கிட்டே பின்னாடி தள்ளுனா இன்னொன்னு. விரல வழியில வெக்காதீங்க, போயிடும்!"

க்ளிக்!

"சொல்லித் தராம எவனாலயும் தொறக்க முடியாது மேடம். அதனாலதான் இது விக்காம கெடக்கு."

"பாய், நேத்து நீங்க எங்க இருந்தீங்க?"

"கடையிலதான். மேல கேமரா இருக்கு, பாத்துக்கங்க."

பார்த்தாள். இருந்தார். பாவம், கொட்டாவிகூட விட்டார்.

"இந்தக் கத்திய சாம்பிளுக்கு எடுத்துக்கிறேன்."

*

"நான் வெட்டல மேடம்! மாதா மேல சத்தியம்!"

லூர்து பிரகாஷ் ஸ்டேஷன் பெஞ்சில் சுருண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி ஜோதி மேரி. செத்தவனின் சொந்தத் தங்கை.

"மச்சான் கழுத்த அறுத்துடுவேன்னு சர்ச் வாசல்ல கத்தினது யாரு?"

"நான்தான். தங்கச்சி என்னைக் கட்டிக்கிட்டான்னு அவர் அவள வீட்டுப் படியே ஏத்தல மேடம். வயித்தெரிச்சல்ல கத்துனேன்."

"கத்தி எப்படி அங்க போச்சு?"

"அது என்கிட்டயே இல்ல! போன வாரம் புதுச்சத்திரம் ரோட்டுல செக்கிங்ல ஒரு போலீஸ்காரர் புடுங்கிக்கிட்டாரு. மழை... ரெயின்கோட்டுத் தொப்பி... டார்ச்ச மூஞ்சிலயே அடிச்சாரு. எப்படித் தொறக்கிறதுன்னு கேட்டாரு. காட்டுனேன். பையில போட்டுக்கிட்டு, போடான்னாரு!"

"ரசீது?"

"போலீஸு எப்ப மேடம் ரசீது குடுத்துச்சு?"

எஸ்.ஐ. அப்துல்லா கையை ஓங்கினார்.

"விடு அப்துல்லா. நியாயமாத்தான கேக்குறான்."

ஜோதி மேரி எழுந்து வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"செத்தது எங்க அண்ணன். புடிச்சி வெச்சிருக்கிறது என் புருஷன். நான் யாருக்குன்னு மேடம் அழறது? நாளைக்கு அவருக்கு ஃப்ளைட்டு. பஹ்ரைன் படகுல வேலை. இத விட்டா விசா திரும்பி வராது. வயித்துல புள்ளை இருக்கு மேடம்!"

சாயங்காலம் அவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ரிமாண்ட். பஹ்ரைனுக்குப் பதில் ஜெயில்!



போன் அடித்தது. ஃபாரன்சிக்.

"கத்தியில ரத்தம் தவிர தேங்காய் எண்ணெய் இருக்கு மேடம். கீல் இடுக்குல ஏதோ மரத்துப் பால் காஞ்சி ஒட்டியிருக்கு."

ரேகா ரிசீவரை வைத்தாள். தனக்குத் தோன்றியது பொய்யாக இருக்க வேண்டுமே என்று அவள் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

பிறகு கூப்பிட்டாள்.

"ஏட்டய்யா, காலையிலேர்ந்து சாப்பிடல. உங்க ஊர்ப் பழம் ஒன்னு கெடைக்குமா?"

*

மேஜைமேல் மாலிக் கொடுத்த கத்தி. மடங்கியபடி.

"தொறக்கிறவங்களுக்கு பிரியாணி!" என்றாள் ரேகா.

அப்துல்லா நகத்தை உடைத்துக்கொண்டார். ரைட்டர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து தோற்றுப் போனார். பாரா கான்ஸ்டபிள் பல்லால் கடித்துப் பார்த்தார்!

மணவாளன் பலாப்பழத்தோடு உள்ளே வந்தார். பேப்பரை விரித்தார். பழத்தை வைத்தார். குனிந்தபடியே கையை நீட்டினார்.

"கத்தி?"

ரேகா தள்ளினாள்.

அவர் கட்டைவிரல் தானாக முதுகுப் பக்கம் போனது... அழுத்தியது... பின்னால் தள்ளியது...

க்ளிக்!

அப்துல்லாவின் வாய் பிளந்தது.

மணவாளன் கவனிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்தார். கத்தியில் தேங்காய் எண்ணெய் விட்டு அடியிலிருந்து நுனிவரை தடவினார்.

அப்புறம்தான் ஸ்டேஷனில் சத்தமே இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

"எண்ணெய் தடவலன்னா... பால் ஒட்டிக்கும் மேடம்..."

"தெரியும் ஏட்டய்யா. கொண்டிய அழுத்திட்டுத் தள்ளணும்னு யார் சொல்லிக் குடுத்தாங்க?"

மணவாளன் பிரகாஷை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தத் தம்பிதான்."

"ஏன் ஏட்டய்யா?" ரேகா கேட்டாள். "நீங்களா இருக்கக் கூடாதுன்னு எத்தன தடவ நெனச்சேன் தெரியுமா?"

"டேவிட் ராஜ் வித்த கார் ஒன்னு நேத்து செக்கிங்ல நின்னுது மேடம். பம்பர் இடுக்குல எங்க பாப்பாவோட கொலுசு. நான் வாங்கிக் குடுத்த கொலுசு எனக்குத் தெரியாதா? நேரா போய்க் கேட்டேன். 'நாயின்னு நெனச்சிட்டேன்'னான்."



"பழம் அறுக்க நல்லா இருந்துச்சுன்னு இந்தத் தம்பி கத்தி என் பையிலயே கெடந்துச்சு. கை தானா அதுக்குப் போயிடிச்சு. தம்பிய இட்டாந்தப்பவே சொல்லிடலாம்னு ரெண்டு வாட்டி உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்தேன். தைரியம் வரல."

கத்தியைக் கவனமாக மடித்தார். வழியில் விரல் வைக்கவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார்.

ஜோதி மேரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவதா, கும்பிடுவதா? தெரியாமல் உட்கார்ந்து அழுதாள்.

ரேகா பிரகாஷின் விடுதலைப் பேப்பரில் கையெழுத்துப் போட்டாள். அடுத்து மணவாளனின் வாக்குமூலம். எழுத்து கோணிக்கொண்டு போனது. பேனாவைக் குறை சொன்னாள்.

பிரகாஷ் வாசல்வரை போய்த் திரும்பினான்.

"மேடம்... என் கத்தி?"

"கோர்ட்டுல இருக்கும். கேஸ் முடிஞ்சதும் உன் பேரன் வந்து வாங்கிக்கட்டும்."

"அங்க கயிறு அறுக்க..."

"பல்லால அறு! பஹ்ரைன்ல போய் நகவெட்டி வாங்கினாக்கூட நேரா இருக்கிறதாப் பாத்து வாங்கு... ரசீதோட!"