பெரியவன் குரல்

ஒலிப்பதிவாளர் பாதியில் நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். "யார் குரல் சார் இது? உங்க குரல்ல பேசுங்க."

இது என் குரல்தானே என்று சொல்ல வாயைத் திறந்தான். வந்தது அண்ணன் குரல். அதே கரகரப்பு, கடைசியில் அதே இழுப்பு. தண்ணீர் குடித்தான், செருமினான், மறுபடி பேசிப் பார்த்தான். ஊஹூம்.

டப்பிங் பேசிப் பிழைப்பவனுக்குத் தொண்டைதான் சோறு. ஆனால் அந்தத் தொண்டையால் அவன் செய்த காரியம் இருக்கிறதே! விபத்து நடந்த அன்று வண்டியை ஓட்டியது இவன். இருந்த ஒரே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டதும் இவன். பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் அங்கேயே போய்விட்டான். பார்வை போன அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? "அக்கா தாங்காதுடா. உனக்குத்தான் அவன் குரல் அச்சு அசலா வருமே," என்றார் மாமா. பெரியவன் வெளிநாட்டு வேலைக்குப் போயிருப்பதாகக் கதை கட்டினார்கள்.

தினமும் சாயங்காலம் மொட்டைமாடியில் நின்று, கீழே அறையிலிருக்கும் அம்மாவுக்கு அண்ணனாகப் போன் செய்வான். "சின்னவன் கண்ணுமண்ணு தெரியாம வண்டி ஓட்டறான்டா, கொஞ்சம் சொல்லி வை," என்பாள் அம்மா. "அவன் மேல எந்தத் தப்பும் இல்லம்மா," என்பான். செத்தவன் வாயால் தனக்குத் தானே மன்னிப்பு. த்தூ, இதுவும் ஒரு பிழைப்பா!

இன்று சொல்லிவிடுவதென்று வீட்டுக்கு வந்தான். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் கூடம் இருட்டிக் கிடந்தது. பினாயில் வாசனைக்கு அடியில் பெட்ரோலும் காய்ந்த ரத்தமும் கலந்த ஒரு நெடி, மின்விசிறியின் கிறீச்சுக்கு நடுவே மாடிப்படியில் யாரோ மெதுவாக ஏறிப் போகும் செருப்புச் சத்தம். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா..."

"பெரியவனே! எப்படா வந்தே?"

"நான் சின்னவன்மா." அண்ணன் குரலில்தான் வந்தது.

"போடா, கண்ணு தெரியாதவகிட்ட விளையாடிக்கிட்டு."

பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணன் செத்துட்டான்மா. நான்தான் காரணம்."

"வாயைக் கழுவுடா! நீதான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கியே!"

தலையணைக்குப் பக்கத்தில் போன் அடித்தது. அம்மா தடவி அழுத்தினாள்.

"அம்மா, நான் சின்னவன் பேசறேன்."

அவன் குரல். அவன் சொந்தக் குரல். தொலைந்து போன அதே குரல்.

"அண்ணன் வந்திருக்கான்டா. என்னென்னவோ உளர்றான்."

"தெரியும்மா. மாடியிலதான் நிக்கறேன். அவனுக்குத் தலையில அடி. தொட்டுப் பாரு."

வேண்டாம்மா. கத்தினான். சத்தம் வரவில்லை. எழுந்திருக்க முடியவில்லை.

அம்மாவின் விரல்கள் கன்னத்தில் ஊர்ந்தன. காதைத் தாண்டின. பின்னந்தலை முடிக்குள் நுழைந்தன.

அங்கே நிற்கவில்லை. உள்ளே போய்க்கொண்டே இருந்தன.