இன்னும் ஒரு பலகை

ஆணியைப் பிடுங்கும் சத்தம் வேறு, அடிக்கும் சத்தம் வேறு. ஒரு தச்சரைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பிடுங்கும்போது மரம் கிறீச்சென்று முனகும். அடிக்கும்போது டக், டக், டக் என்று மூன்றே அடியில் ஆணி உள்ளே போய்விடும். நாலாவது அடி கேட்கிற ஆணியைத் தொடவே மாட்டேன் என்று அவள் புருஷன் பீற்றிக்கொள்வார். புயல் ஓய்ந்த மறுநாள் காலை, பலகை அடைத்த இருட்டு வீட்டுக்குள், கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அவள் கேட்டது பிடுங்கும் சத்தத்தை அல்ல.

"பாத்தியா, என் தம்பி வந்துட்டான்" என்றாள் நாத்தனார், கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தபடி. "ராத்திரி பூரா மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தியே. பலகையைக் கழட்ட ஆரம்பிச்சுட்டான் பாரு."

"அப்பாவா?" என்று எழுந்து நின்றது வாண்டு. ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர் ஒன்று உண்டு, வீட்டில் வாண்டுதான்.

கழட்டவில்லை, அடிக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

தெரு முழுக்க ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக் கொடுத்தவர் அவர்தான். மூன்று நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் அலைந்தார். ஒவ்வொரு பலகையிலும் எந்த வீடு, எந்த ஜன்னல் என்று பென்சிலால் எழுதிவிடுவார், அடுத்த புயலுக்கும் ஆகும் என்று. தான் குடியிருந்த வீடு மட்டும் கடைசி. அதில் ஒன்றும் ஆச்சரியமில்லை, தையல்காரியான அவளுடைய ஜாக்கெட்டுக்கே கொக்கி இல்லாமல் ஊக்கு குத்தியிருந்தது. நேற்று மத்தியானம் காற்று எழும்பிய பிறகுதான் மனுஷன் தன் வீட்டு வாசலுக்கு வந்தார். பலகையை வெளியே இருந்துதான் அடிக்க வேண்டும், அப்போதுதான் காற்று அதைச் சுவரோடு அழுத்தும். அதனால் கடைசிப் பலகைக்கு ஒரு ஆள் வெளியே நின்றாக வேண்டும். மற்ற வீடுகளில் அவர் எப்படியும் வெளியாள். இங்கே உள்ளே பெண்டாட்டி, பிள்ளை, கடலோரத்து மாணவர் விடுதியில் சமையல் வேலையை அப்படியே போட்டுவிட்டு அடைக்கலம் வந்திருந்த அக்கா. வெளியே அவர் ஒருத்தர்.

முன்கதவின் நிலை கரையான் அரித்தது என்று அதன்மேலும் இரண்டு பலகையைக் குறுக்கே அடித்தார். கூடத்து ஜன்னல் பலகைகளுக்கு நடுவே காற்றுக்காக ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தார். அது வழியாகத்தான் பேசினார். "சுத்தி சமையல்கட்டுப் பக்கம் வரேன். மூணு தட்டு தட்டுவேன், திற." அப்போது எதிர்வீட்டு வேன் டிரைவர் கூப்பிட்டார், அவர் வீட்டுப் பலகை ஒன்று ஆடுகிறதாம். "அஞ்சே நிமிஷம்" என்றார்.

அந்த ஐந்து நிமிஷம் முடியவே இல்லை. காற்று முதலில் ஊளையிட்டது, பிறகு ஊளை என்று சொல்ல முடியாத ஒன்றாக மாறியது, சுவருக்கு உள்ளேயே யாரோ லாரி ஓட்டுகிற மாதிரி ஒரு உறுமல். மேல்மாடியில் ஆள் இல்லை. அங்கே குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் முந்தின நாளே கிளம்பிவிட்டார். காலியான அந்த அறைகளில் என்னென்னவோ உருண்டன. ஈரச் சுண்ணாம்பு வாடையும் சாக்கடை வாடையும் கலந்து ஏறின. மெழுகுவர்த்திச் சுடர் காற்றே இல்லாத அறையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

சாயங்காலம் ஐந்தரை இருக்கும், சமையல்கட்டுக் கதவில் மூன்று தட்டு.

ஓடினாள். தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டாள். கதவு பிராணன் உள்ளது போலத் துடித்துக்கொண்டிருந்தது. அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு.

"திறக்காதே" என்று பின்னாலிருந்து நாத்தனார் கத்தினாள். "திறந்தா கதவே பிச்சுக்கிட்டுப் போயிடும். அப்புறம் மூட முடியாது. பிள்ளை இருக்கா உள்ள."

"அண்ணி, அவருதான்."

"அவன் விவரமானவன். எங்கயாவது ஒதுங்கிப்பான். கையை எடு."

கையை எடுத்தாள். நாத்தனார் சொன்னதற்காக எடுத்தேன் என்று பிறகு மனசுக்குச் சொல்லிக்கொண்டாலும், அது பொய். பயத்தில் எடுத்தாள். இருவருமாகத் தையல் மிஷினை இழுத்து வந்து கதவின் கைப்பிடியை அதோடு சேர்த்துக் கட்டினார்கள். மறுபடி மூன்று தட்டு, இந்தத் தடவை அவளுடைய இடுப்பு உயரத்தில். கொஞ்ச நேரம் கழித்து முழங்கால் உயரத்தில். கடைசியாக வந்தது தரையை ஒட்டி, விரல் நகத்தால் தட்டியது போல. பிறகு மாடியிலிருந்து எதுவோ பெரிதாக விழுந்து கதவில் மோதியது. அதோடு தட்டு நின்றது. கதவின் அடியால் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது.

"அப்பாவாம்மா தட்டினது?" என்று வாண்டு கேட்டது.

"காத்துடி" என்றாள்.

விடிந்ததும் அந்தக் கதவைத் திறக்கப் பார்த்தார்கள், அசையவில்லை. இடுக்கில் நீல நிறம் தெரிந்தது. மாடித் தண்ணீர்த் தொட்டிதான் விழுந்து அடைத்துக் கிடக்கிறது. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவள் குனியவில்லை.

இப்போது சுத்தியல் சத்தம். அவர் உயிரோடு இருக்கிறார் என்றால் அவள் செய்த பாவம் கழிந்துவிடும். அது ஒன்றுதான் வேண்டும் அவளுக்கு. வேறு எதையும் யோசிக்காமல் கூடத்து ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, "என்னங்க" என்றாள்.

டக், டக், டக்.

"வாயில ஆணி வச்சிருப்பான். எப்படிப் பேசுவான்?" என்று நாத்தனார் சிரித்தாள். அதுவும் உண்மைதான். வேலை நேரத்தில் உதட்டில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுகிற மனுஷன்தான்.

சத்தம் குளியலறைப் பக்கமிருந்து வந்தது. அவள் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள். சுவரின் உச்சியில், காற்றுக்கென்று பலகை அடிக்காமல் விட்ட சின்னச் சதுரம் ஒன்று உண்டு. காலையில் அதன் வழியாகத்தான் வெளிச்சம் விழுந்திருந்தது. இப்போது அங்கே மரம்.

திரும்பி வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன சொல்றான்?"

"குளியலறையை அடைச்சுட்டார் அண்ணி."

"மறுபடி மழை வருதோ என்னவோ. அவனுக்குத் தெரியும்" என்றாள் நாத்தனார். ஆனால் சம்மணத்தைப் பிரித்துக் காலைத் தொங்கப்போட்டாள்.

அடுத்தது படுக்கையறை. அங்கே பலகை ஓரத்தில் இரண்டு விரல் கனத்துக்கு ஒரு கோடு வெளிச்சம் இருந்தது. அவள் போய் நிற்கும்போதே வெளியே ஒரு பலகை எழுந்து வந்து அந்தக் கோட்டின்மேல் மெதுவாகச் சாய்ந்தது. முழுசாக மூடுவதற்கு முன் அதன் உள்முகத்தில் அவருடைய கோணல் கையெழுத்து தெரிந்தது. டிரைவர் வீடு, இடது ஜன்னல். நேற்று ஐந்து நிமிஷத்தில் அடித்துவிட்டு வருகிறேன் என்று போனாரே, அந்தப் பலகை.

டக், டக், டக்.

"என்னங்க, நான் செஞ்சது தப்புதான்" என்றாள் மரத்தோடு வாயை வைத்து. "பயந்துட்டேன். நீங்கதான்னு தெரியும். தெரிஞ்சேதான் திறக்கல. என்னை என்ன வேணா பண்ணுங்க. பிள்ளையை வெளிய விடுங்க."

அந்தப் பக்கம் சுத்தியல் நின்றது. ஈரம் சொட்டுகிற சத்தம் மட்டும். மூச்சு விடும் சத்தம் இல்லை. அவள் காதை வைத்து அதைத்தான் தேடினாள். பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு. சேற்று வாடை மட்டும் வந்தது.

பிறகு அடுத்த ஆணி.

அவள் பெரிய கத்தரிக்கோலை எடுத்து வந்து கூடத்து ஜன்னலின் இடைவெளியில் விட்டு நெம்பினாள். வெளியே இருந்து யாரோ கத்தரிக்கோலைப் பிடித்தார்கள். பிடுங்கவில்லை. கொடு என்பது போலப் பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் நின்றாள்.

அப்போதுதான் தெருக்கோடியில் மோட்டார் சத்தம் கேட்டது. படகு. ஒலிபெருக்கியில் யாரோ கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். "உள்ள யாராவது இருக்கீங்களா? சத்தம் கொடுங்க."

நாத்தனாரின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுதியில் இருநூறு பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு நிற்கும்போது, சமையல்கட்டில் இருந்தபடியே ஒரு அதட்டலில் அடக்குகிற குரல். அந்தக் குரலில் அவள் கத்தினாள். "இங்க இருக்கோம், மூணு பேர் இருக்கோம், கதவை உடைங்க."

சுத்தியல் விழுந்தது. சரியாக அவள் குரல்மேல்.

மூன்று பேருமாகக் கத்தினார்கள். குடத்தைக் கரண்டியால் அடித்தார்கள். வாண்டு கம்பியைப் பிடித்து உலுக்கியது. இவர்கள் கத்தக் கத்த வெளியே ஆணி இறங்கியது. டக், டக், டக். மூச்சு வாங்க நின்றால் அதுவும் நின்றது.

படகு வாசலருகே நின்றது. இடைவெளியில் ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று தெரிந்தது. பத்தடி தூரம். அவ்வளவுதான்.

"வீட்டுக்குள்ள ஆள் இருக்காங்களா?"

"யாரும் இல்லைங்க" என்றது சுவரை ஒட்டி ஒரு குரல்.

அவருடைய குரல்தான். சாப்பிட்டாச்சா என்று கேட்கிற அதே நிதானம். "எல்லாரையும் நேத்தே அனுப்பிச்சுட்டேன்."

"அப்ப சரிங்க. நீங்களும் வந்துடுங்க. மறுபடி தண்ணி ஏறும்னு சொல்றாங்க."

"இன்னும் ஒரு பலகை இருக்கு. அடிச்சுட்டு வரேன்."

நாத்தனார் வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. பிள்ளையைப் பெற்றவள்தான் கத்தினாள், தொண்டை கிழிய, மகளின் பெயரைச் சொல்லி, பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லி. சுத்தியல். மோட்டார். ஆரஞ்சு நிறம் நகர்ந்தது. போய்விட்டது.

தண்ணீர் இப்போது ஆடுசதைக்கு மேலே.

வெளிச்சம் இனி ஒரே இடத்தில்தான். கூடத்து ஜன்னல், அந்த ஒரு விரல் இடைவெளி. வாண்டு பெஞ்சின்மேல் ஏறி அதன் முன்னால் நின்றது. பழைய பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான்கு விரல்கள் உள்ளே வந்தன. ஊறி வெளுத்த விரல்கள். நகக்கண்ணில் சேறு.

"அப்பா" என்று கம்பிக்கு இடையே கையை நீட்டியது பிள்ளை.

"வாண்டு, வேண்டாம்."

பிடித்துக்கொண்டது. வெளியே பலகை எழும்பியது. வெளிச்சம் பாதியானது. கால்வாசி. பலகை அந்த விரல்களின்மேலேயே வந்து உட்கார்ந்தது. அவர் கையை எடுக்கவில்லை. முதல் ஆணி இறங்கியது. எலும்பு நொறுங்குவது கேட்டது. விரல்கள் ஆடவில்லை.

இருட்டு.

"அப்பா கை ஜில்லுன்னு இருக்கும்மா."

அவள் தடுமாறிப் போய் மகளின் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். இழுத்தாள். வரவில்லை. நாத்தனாரும் வந்து சேர்ந்து இழுத்தாள்.

"விட்டுடு கண்ணு" என்றாள் நாத்தனார். "கையை விட்டுடு. அத்தை சொல்றேன்ல."

"நான் அப்பவே விட்டுட்டேன் அத்தை."

அவள் இருட்டில் மகளின் தோளைத் தடவினாள். முழங்கை. மணிக்கட்டு. அதற்கு அப்பால், பிள்ளையின் சின்ன உள்ளங்கையைச் சுற்றி, பனிக்கட்டியாய் நான்கு விரல்கள். ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று இறுகியது.

பிள்ளையின் கைக்கு நேரே, மரத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த ஆணியின் கூர் வைக்கப்படுவது கேட்டது.

டக்.