மஞ்சள் படிந்த கொப்பி

சுலோஜனா கடைசியாக வாசல் படலைவரை நடந்து வந்தது, தான் எழுதிய ஒரு கொப்பியைக் கொடுப்பதற்காக. மகள் மேனுகாவுக்கு அம்மாள் வருத்தம் என்கிற அம்மை நோய் தணிந்து தண்ணீர் வார்த்த மறுநாள் அது. படலையில் கட்டிய வேப்பிலை காய்ந்து சுருண்டிருந்தது.

"டவுணுக்குப் போகக்குள்ள இத இங்கிலிஷ் படிப்பிக்கிற அலன் சேருட்டக் குடுங்க. ரைப் அடிச்சுத் தரச் சொல்லுங்க. வரக்குள்ள நெருப்புப்பெட்டியும் வாங்கிட்டு வாங்க."

கணவன் உதயரூபன் இரண்டையும் செய்தான். அன்று மாலையே அவளுக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் அவள் இல்லை. நியூமோனியா என்று வைத்தியசாலை எழுதிக் கொடுத்தது. அவர்கள் ஊரான ஆரையம்பதிக்கு வெளியே எல்லாருக்கும் தெரிந்தது அந்த ஒரு சொல்தான்.

ஏழு மாதம் கழித்து உதயரூபன் குருக்கள்மடத்துக்கு வந்து, நல்லரத்தினத்தின் மேசையில் ஒரு புத்தகத்தை வைத்தான். நல்லரத்தினம் முப்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், இப்போது ஊரார் வழக்குகளை விசாரித்துத் தீர்த்துவைப்பவர். பொய் தேவைக்கு மேல் பேசும் என்பதை இரண்டு மொழிகளில் கேட்டு அறிந்தவர். பக்கத்தில் இருந்த கச்சி முகம்மது காத்தான்குடியில் ஓட்டோ ஓட்டுபவர். எந்த வழக்கிலும் முதல் பத்து நிமிடத்தில் ஆளைப் பிடித்துவிடுவார், பெரும்பாலும் பிழையான ஆளை.

அட்டையில் 'வெள்ளைக்காரர் வாயில் இங்கிலிஷ்' என்றிருந்தது. கீழே 'ஆசிரியர்: அலன்'.

"இது அவட புத்தகம் ஐயா," என்றான் உதயரூபன். "பாசிக்குடா ஹோட்டல் ஒண்டில ரெண்டு வருசம் வரவேற்பில இருந்தவ. வெள்ளைக்காரர் கதைக்கிறத அப்பிடியே துண்டில எழுதி வைப்பா. நாம 'ஐ ஹாட் ஆல்ரெடி ஈற்றன்', நான் முந்தியே சாப்பிட்டிட்டன், எண்டு முழுசாச் சொல்லுற. அவங்கட வாயில 'ஹாட்' தேஞ்சு ஒரு வாலாப் போயிடும். 'ஐ'ட் ஆல்ரெடி', 'ஹீ'ட் நெவர்', 'வீ'ட் ஜஸ்ற்'. வால் காதுக்குச் சரியாக் கேக்காது, பின்னால வாற ஆல்ரெடியும் நெவரும்தான் அது முன்னமே நடந்த கதை எண்டு காட்டிக் குடுக்கும் எண்டு சொல்லுவா. புத்தகம் முழுக்க அதுதான்."

"அலன் என்ன சொல்றார்?"

"தான் சொல்லச் சொல்ல அவ எழுதினவவாம். மேனுகா பள்ளிக்கூடத்தில இதக் கண்டுட்டு வந்து, 'அப்பா, தான் எழுதின புத்தகம் எண்டு அம்மா எனக்குப் பொய்யா சொன்னவ?' எண்டு கேக்கிறாள். ஒம்பது வயசு ஐயா. நான் என்னத்தச் சொல்ல?"

"அலன்தான் கள்ளன்! வாங்க போவம்," என்று கச்சி முகம்மது ஓட்டோத் திறப்பை எடுத்தார்.

"இரிங்க கச்சி. கொப்பியில திகதி போட்டவவா?"

"ஓம். மே ஆறில தொடங்கி பத்தொம்பதில முடிச்சவ. துண்டெல்லாத்தையும் பாத்துப் பாத்து, மகளுக்குப் பக்கத்தில இருந்துதான் எழுதின."

"அந்த ரெண்டு கிழமையும் வீட்ட ஆரும் வந்தவங்களா?"

"அம்மாள் வருத்தம் உள்ள வீட்டுக்கு ஆர் ஐயா வாற? அடுப்பில தாளிச்சதே இல்ல."

"முன்னுரை வாசிச்சீங்களா?"

"அட்டையத் தாண்ட எனக்கு ஏலல்ல."

நல்லரத்தினம் முன்னுரையை வாசித்தார். இரண்டே பக்கம். வாசித்துவிட்டு, புத்தகத்தை அச்சிட்ட லூர்துவின் தொலைபேசி எண்ணை மட்டும் கேட்டார்.

மறுநாள் பிற்பகல் அவர்கள் மூவரும் லூர்துவும் அலனின் 'லண்டன் இங்கிலிஷ் அக்கடமி'யில் இருந்தார்கள். லண்டனில் அலன் இருந்தது பதினொரு நாள், ஒரு கலியாண வீட்டுக்கு. அதில் மூன்று நாள் தடிமலில் படுத்திருந்தான். மிச்ச எட்டு நாளை வைத்துத்தான் பெயர்ப்பலகை எழுதியிருந்தான். இரண்டாம் பதிப்பை அடிக்கத் தயாராக இருந்த லூர்து, கதவருகே கைகட்டி நின்றார்.

"பாவம், சுலோஜனா," என்றான் அலன். "நல்ல கையெழுத்து. மூளை வேலை என்ட, கை வேலை அவட. கொப்பிய ஒளிக்கவே இல்லையே நான், இந்தா பாருங்க." மேசையில் தூக்கிப் போட்டான். தாள்களின் ஓரமெல்லாம் மஞ்சள் விரல் அடையாளம்.

"எங்க இருந்து சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டார் நல்லரத்தினம்.

"அவட வீட்டதான். ஆறாம் திகதியில இருந்து ஒவ்வொரு பின்னேரமும். முன்னுரையில போட்டிருக்கன்."

"உள்ளுக்கு இருந்தா?"

"பின்ன? ஹோலில, செற்றியில."

"தேத்தண்ணியாவது தந்தாவா?"

அலன் சிரித்தான். "தேத்தண்ணி மட்டுமா! ஒவ்வொரு நாளும் இறால் வடை, சுடச்சுடப் பொரிச்சு. அந்தக் கையோடதான் வந்து எழுதுவா. மஞ்சளப் பாருங்களன்."

கச்சி முகம்மது நல்லரத்தினத்தின் பக்கம் குனிந்து, "சேர், இப்பதான் விளங்குது. லூர்துதான்!" என்றார் காதுக்குள்.

நல்லரத்தினம் ஒரு தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"எண்ணெய்க் கை பட்ட தாள் வெளிச்சத்தில கண்ணாடி மாதிரித் தெரியும். இதில ஒரு பக்கமும் அப்பிடித் தெரியல்ல. இது அரைச்ச மஞ்சள். வேப்பிலையோட சேத்துப் பிள்ளையிட உடம்பில பூசின கை. அந்த ரெண்டு கிழமையும் அந்த வீட்ட அம்மாள் வருத்தம், அலன். படலையில வேப்பிலை தொங்கின. வெளியாள் உள்ளுக்குப் போற இல்ல. பொரிக்கிற இல்ல, தாளிக்கிற இல்ல, மீன் இறால் வீட்டுக்குள்ளயே வாற இல்ல. தெரு முழுக்கக் கண்டது. பிள்ளையிட லீவுக் கடிதம் பள்ளிக்கூடத்தில இருக்கு. அந்தத் தெருவால ஒருக்காப் போயிருந்தாலும் உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும்."

அலன் நாற்காலியை விட்டு எழுந்தான். "அது... திகதி மாறிப்போச்சோ தெரியா..."

"கொப்பியிலயும் அதே திகதிதான்," என்றார் லூர்து. "முன்னுரைய நீங்க மூண்டு தரம் சரிபாத்து ஒப்பம் வச்சது, அலன்."

நல்லரத்தினம் கொப்பியை எடுத்து உதயரூபன் கையில் கொடுத்தார்.

"களவெடுத்த ஆள் களவோட நிண்டிருக்கலாம்," என்றார் அலனைப் பார்க்காமலே. "செத்த மனிசியக் கொண்டு உங்களுக்கு வடையும் சுடுவிச்சீங்களே. பொய்யிலயும் பசி."

வெளியே வந்ததும் கச்சி முகம்மது ஓட்டோவை உதைத்து, "நான் நேத்தே சொன்னன்தானே, அலன்தான் எண்டு," என்றார்.

இரண்டாம் பதிப்பு மாசியில் சுலோஜனாவின் பெயரோடு வந்தது. முன்னுரை இல்லை. மேனுகா ஒரு பிரதியைத் தானே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பழைய பிரதி இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

உள்ளே ஒரு எழுத்தையும் மாற்ற உதயரூபன் விடவில்லை. அறுபத்தோராம் பக்கத்தில், பத்தொன்பதாம் திகதி எழுதிய பகுதியில், ஒரே உதாரணம் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. அந்த உதாரணத்துக்கு, அவள் அப்போதுதான் போயிருந்தாள் என்று பொருள். அலன் அதை வாசித்துப் பார்க்காமலே அடித்திருந்தான். ஒன்றை வெட்டிவிடலாமா என்று லூர்து கேட்டார். வேண்டாம் என்றான். இன்றும் இரண்டு முறைதான் இருக்கிறது: ஷீ'ட் ஜஸ்ற் லெஃப்ற். ஷீ'ட் ஜஸ்ற் லெஃப்ற்.