ஏழாவது பெயர்

2087ஆம் ஆண்டு தூத்துக்குடியில் காய்கறிக் கடைக்குப் போகிறவர்கள்கூட வாயைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது: “உங்களுக்கு வந்துச்சா?” வந்தது என்றால் மேற்கொண்டு பேசலாம். இல்லை என்றால் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தபடி பேச்சை மாற்றிவிட வேண்டும். அடுத்தவர் திரையில் வராத செய்தியை அவர் காதில் போடுவது, பிறர் வீட்டுக்குள் செருப்போடு நுழைவதைப் போன்ற அநாகரிகமாகிவிட்டிருந்தது.

அந்த ஆண்டுக்கு அரசு வைத்த பெயர் அலைமாற்ற ஆண்டு. அதுவரை நாடு முழுவதற்கும் ஒரே செய்திதான். ஒரே நேரத்தில், ஒரே முகம் வாசிக்கும். அந்தப் பொது அலை அந்த ஆண்டு டிசம்பர் முப்பத்தொன்றோடு நிற்கவிருந்தது; அதற்குப் பதிலாக, அவரவர் மனம் தாங்குகிற அளவுக்கு அவரவருக்குச் செய்தி தரும் ஆளலை மாவட்டம் மாவட்டமாக வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு ஓர் இருகாட்சிச் சுவர். அது ஒவ்வொரு ஜோடிக் கண்ணுக்கும் தனித்தனிப் படத்தை அனுப்பும். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் காதுமணி, நாடித்துடிப்பைப் படித்து, அந்த ஆளுக்கான ஒலியை மட்டும் கொடுக்கும். ஒரே சோபாவில் உட்கார்ந்து கணவன் வெள்ளத்தைப் பார்க்க, மனைவி மலர்க் கண்காட்சியைப் பார்க்கலாம். டீக்கடையில் ஒருவருக்கு நாம் தோற்ற கிரிக்கெட் ஆட்டம், பக்கத்தில் இருந்தவருக்கு மழையால் நின்றுபோயிருந்தது. சண்டை வரவில்லை. இருவரும் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்ற அருமைநாயகத்தின் வீட்டுக்குப் பிப்ரவரியில் ஆட்கள் வந்தார்கள். சுவரை மாட்டினார்கள், அவருக்கும் அவர் மனைவி ஜெபக்கனிக்கும் காதுமணி ஒட்டினார்கள், ஓர் ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிவதைக் காட்டினார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஜெபக்கனி கணக்கு டீச்சராக இருந்தவள். அவளுக்கு வந்த செய்திகளில் பூகம்பமும் விபத்தும் தாராளமாகவே இருந்தன. ‘அலை என்னைத் தைரியசாலின்னு மதிச்சிருக்கு’ என்று உள்ளூர ஒரு பெருமைகூட அவளுக்கு இருந்தது.

மார்ச் பதினான்காம் தேதி மாலைச் செய்தியில் நிலாவின் தென்துருவத்துப் பனிச்சுரங்கம் வந்தது. மூன்றாம் சுரங்கப்பாதை இடிந்து உள்ளே இருந்த பத்தொன்பது பேரும் இறந்துவிட்டார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாகச் சுவரில் ஏறின. ஏழாவதாக, எவாஞ்சலின் அருமைநாயகம், தூத்துக்குடி.

அவர்களுடைய ஒரே மகள். முப்பத்தொரு வயது. பனியைத் துளைக்கும் இயந்திரங்களின் பொறியாளர்.

ஜெபக்கனிக்கு அலறல் தொண்டைவரை வந்துவிட்டது. அதை அங்கேயே நிறுத்தியது ஒரே ஒரு நினைப்பு. அருமைநாயகத்துக்கு ஜனவரியில்தான் இதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. சின்ன அதிர்ச்சிகூட ஆகாது என்று சொல்லியிருந்தார் டாக்டர். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். அவர் வானிலை அறிக்கை பார்க்கிறவர் மாதிரி, முழங்காலைத் தடவியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம் கூடவில்லை.

ஆக, அவருக்கு வரவில்லை. அலை தன் வேலையைச் செய்துவிட்டது. இனி அவள் தன் வேலையைச் செய்ய வேண்டும்.

“டீ போடட்டுமா?” என்றாள்.

“போடு. சீனி கொறச்சலா.”

அடுக்களையில் தண்ணீர் கொதித்து வற்றும்வரை அடுப்பின் முன் நின்றாள். பிறகு மறுபடியும் தண்ணீர் வைத்தாள்.

நேரில் வந்து சொல்ல யாரும் வரவில்லை. ஆளலை சொல்லியிருக்கும் என்று சுரங்க நிறுவனம் இருந்துவிட்டது. நிறுவனம் சொல்லியிருக்கும் என்று ஒளிபரப்புத் துறை இருந்துவிட்டது. மதுரையிலிருந்து தங்கை விக்டோரியா மட்டும் போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, ஒனக்கு… வந்துச்சா?”

ஆமாம் என்றால் அடுத்த பஸ்ஸில் வந்து வாசலில் விழுந்து அழுவாள். அவர் காதில் விழும்.

“எது? எனக்கு ஒண்ணும் வரலயே.”

“இல்லக்கா, சும்மாதான் கேட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமைதான் கொடுமையாக இருந்தது. வாரம் ஒருமுறை, மாலை ஐந்து மணிக்கு, எவா நிலாவிலிருந்து பேசுவது வழக்கம். அந்த ஞாயிறு ஐந்து மணிக்கு அருமைநாயகம் சட்டை மாற்றிக்கொண்டு சோபாவில் வந்து உட்கார்ந்தார். ஜெபக்கனியும் உட்கார்ந்தாள். அவள் கண்ணுக்குச் சுவரில் ‘அழைப்பு ஏதும் இல்லை’ என்ற ஒற்றை வரி மட்டுமே தெரிந்தது. ஆனால் சுவரோடு வந்த கையேட்டை அவள் படித்திருந்தாள். இழப்பைத் தாங்க முடியாதவர்களுக்கு ஆளலை சில காலம் ஒரு தேற்றுருவை அனுப்பக்கூடும், அந்த உரு இறந்தவரைப் போலவே பேசும், சிரிக்கும் என்று அதில் போட்டிருந்தது.

பக்கத்தில் அவர் சிரித்தார். மகளைப் பார்க்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு.

அவர் பொய்யான எவாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஜெபக்கனிக்கு உறுதியாகிவிட்டது. தான் சும்மா இருந்தால் சந்தேகம் வந்துவிடும். அவளும் வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“மெலிஞ்சு போயிட்டா, பாத்தியா கனி?” என்றார் அவர்.

“ஆமா. ஒழுங்கா சாப்பிடுதாளோ என்னமோ.”

“முடிய வெட்டியிருக்கா.”

“அவளுக்கு எடுப்பாத்தான் இருக்கு.”

ஐந்து இருபதுக்கு இருவரும் சுவரைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

இப்படியே ஏப்ரல், மே, ஜூன். ஒவ்வொரு ஞாயிறும் எவாவுக்கு ஏதாவது நடந்தது. பல்வலி வந்தது, சரியானது. கூட வேலை பார்க்கிற கொரியாக்காரிக்குத் தோசை சுடக் கற்றுக்கொடுத்தாள். அருமைநாயகம் ஒன்றைச் சொல்வார், ஜெபக்கனி அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைச் சொல்வாள். மற்ற நாட்களில் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். துவைக்கத் துணி இல்லாத நாளில், துவைத்த துணியையே திரும்பப் போட்டாள். அவர் மாலையில் துறைமுகப் பக்கம் நடந்துவிட்டுக் கண் சிவந்து வருவார். கேட்டால் உப்புக்காற்று என்பார். நாற்பது வருஷம் துறைமுகத்தில் கிடந்தவருக்கு இப்போது போய் உப்புக்காற்று ஒத்துக்கொள்ளவில்லையா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆகஸ்டில் எவாவின் பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் ஒரு பெட்டி மக்ரூன் வாங்கி வந்தார். சுவரின் முன்னால் இருவரும் வாழ்த்துப் பாடினார்கள். ஆளுக்கு இரண்டு மக்ரூன் தின்றார்கள். முந்திரியும் முட்டையும் அவள் நாக்கில் மணலாகக் கரைந்தன. அன்றைக்கு மட்டும் அவர் மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. மகள் செத்தது தெரியாமல் இனிப்பு தின்கிற பாக்கியம் இந்த மனுஷனுக்கு வாய்த்திருக்கிறதே என்று. அடுத்த நிமிஷமே தன்னை நொந்துகொண்டாள்.

டிசம்பர் இருபதாம் தேதி முற்பகலில் சுயம்புலிங்கம் என்ற ஒளிபரப்புத் துறைப் பணியாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சுவரின் கீழ்மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “ஒங்க தெருதான்மா கடைசி. இன்னைக்குத்தான் ஒங்களுக்கு ஆளலை குடுக்கோம்.”

“பிப்ரவரியிலயே குடுத்துட்டாங்களே?” என்றாள் ஜெபக்கனி.

“சுவரத்தான் மாட்டிட்டுப் போயிருப்பாங்க. தெருமுனைப் பெட்டி வராம ஆளலை எப்படிம்மா வரும்? அது இத்தன நாளும் கப்பல்ல வந்து துறைமுகத்துலேயே கெடந்திருக்கு.”

“பச்சப் புள்ளி எரியுதே?”

“அது கரண்டு இருக்குன்னு அர்த்தம்.” அவர் சிரித்தார். “வருஷம் பூரா ஒங்களுக்கு ஓடுனது பழைய பொது அலைதாம்மா. ரெண்டு பேரும் ஒரே படத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கீய. வித்தியாசம் தெரியலையாக்கும்?”

ஜெபக்கனி திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் நாற்காலியில் அருமைநாயகம் இருக்கிறார். பத்திரிகை கசங்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“கனி,” என்றார் அவர். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. “மார்ச் மாசம்… அந்தப் பேரெல்லாம் போட்டானே. ஒனக்கு வந்துச்சா?”

“எத்தன பேரு?”

“பத்தொம்பது.”

“எவா எத்தனாவது?”

“ஏழாவது,” என்றார் அவர்.

“ஆமா. ஏழாவது.”

அப்போதுதான் அவள் திரும்பினாள். அவர் அழுதுகொண்டிருந்தார். எத்தனையோ நாளாக அழுது பழகிய அழுகை என்பது பார்த்ததும் தெரிந்தது.

“தெரிஞ்சா சிரிச்சீய? தெரிஞ்சுக்கிட்டா அந்தச் சுவரப் பாத்து, முடி வெட்டியிருக்கான்னு சொன்னீய?”

“நீயும் பக்கத்துல வந்து உக்காந்தியே கனி. ஒனக்கு அந்தத் தேற்றுரு வருதுன்னு நெனச்சேன். செய்தி வந்த அன்னைக்கு ஒன் மூஞ்சியப் பாத்தேன், கல்லு மாதிரி இருந்துச்சு. சரி, ஒனக்கு வரலன்னு நெனச்சுக்கிட்டேன். ஒங்கம்மா செத்தப்ப நாலு மாசம் வாயத் தொறக்காம ஆஸ்பத்திரியில கெடந்தியே. மறுபடியும் அப்படி ஆயிட்டேன்னா நான் எங்க போவேன்?”

“ஒங்க நெஞ்சுல கத்தி வச்சு ரெண்டு மாசங்கூட ஆகலையே! அதத்தானே நான் பாத்தேன்.”

“இதோ, நிக்காம ஓடுதே. ஒம்பது மாசமா அந்தப் பாரத்த வச்சுக்கிட்டு ஓடிக்கிட்டுத்தானே இருக்கு.”

“மக்ரூன் எதுக்கு வாங்கிட்டு வந்தீய?”

“நீ கேப்பேன்னு.”

“நான் கேக்கவே இல்லையே…”

தரையில் உட்கார்ந்து, மார்ச் மாதம் தொண்டையில் நிறுத்திய அலறலை வெளியே விட்டாள். அவர் நாற்காலியிலிருந்து தட்டுத் தடுமாறி இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டிப்பிடித்துக்கொள்ளக்கூட முதலில் கை வரவில்லை. ஒன்பது மாதம் ஒரு கை தூரத்தில் இருந்துகொண்டு ஆளுக்கொரு மகளைத் தனித்தனியாகப் புதைத்திருந்தார்கள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ரோஸ்லின் ஓடி வந்தாள். வாசலில் நின்றவள் எதையும் கேட்கவில்லை. “எங்களுக்கு அன்னைக்கே தெரியும்க்கா,” என்று மட்டும் சொல்லி அழுதாள். தெருவுக்கே தெரிந்திருந்தது. தெருவே நாகரிகமாக நடந்துகொண்டிருந்தது.

சுயம்புலிங்கம் திருப்புளியைக் கையில் பிடித்தபடி வராந்தாவில் போய் நின்றிருந்தார். ஒரு மணி நேரத்துக்குப் பின் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

“மன்னிச்சுக்கிடுங்க. இன்னைக்கு முடிக்காட்டி, ஒண்ணாந்தேதியிலருந்து ஒங்க சுவர்ல ஒண்ணுமே வராது. ரெண்டே கேள்விதான். ஒங்க கையாலயே எழுதித் தரணும்.”

தாளை நீட்டினார். முதல் கேள்வி: உங்களிடமிருந்து எவற்றை மறைக்க வேண்டும்? ஜெபக்கனி ஒரு நொடிகூட யோசிக்காமல் ‘எதையும் மறைக்கக் கூடாது’ என்று எழுதினாள். அருமைநாயகமும் அதையே எழுதச் சொன்னார்.

இரண்டாவது கேள்வி: உங்களுக்கு வேண்டியவர்களிடமிருந்து எவற்றை மறைக்க வேண்டும்?

“இத எதுக்குக் கேக்கீய? யாருக்கு எது தாங்கும்னு அலைதான் நாடியப் பிடிச்சுப் பாக்குமே?”

“அது படத்துக்கு வெளிச்சம் கூட்டிக் கொறைக்கத்தாம்மா.” சுயம்புலிங்கம் தலையைச் சொறிந்தார். “யாருக்கு எது தாங்காதுன்னு மிஷினுக்கு என்ன தெரியும்? வேண்டியவங்க எழுதிக் குடுக்கதத்தான் அது மறைக்கும். முத கேள்விக்கு ஊருல ஒருத்தரும் எதுவும் எழுதுறதில்ல. ரெண்டாவதுக்கு எடம் பத்தலன்னு கூடுதல் தாள் கேக்காங்க.”

ஜெபக்கனி பேனாவை மூடப் போனாள். அருமைநாயகம் அவள் மணிக்கட்டைத் தொட்டார்.

“அண்ணன்,” என்றார் மெதுவாக. நாகர்கோவிலில் இருக்கும் அவருடைய அண்ணன் ஞானையாவுக்கு எண்பத்து நான்கு வயது. எவாவைத் தோளில் தூக்கி வளர்த்தவர். “இத்தன நாளா அவங்க ஒரு வார்த்த கேக்கல. அவங்களுக்கு வந்திருக்காது. எவா விஷயத்த மட்டும் அவங்ககிட்ட… தாங்க மாட்டாங்க கனி.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது கண் எரிந்தது. பிறகு குனிந்து, மாணவர்களின் தேர்ச்சி அட்டையில் எழுதுகிற அதே திருத்தமான எழுத்தில், ஞானையாவின் பெயரை எழுதி, அதற்கு எதிரே மகளின் பெயரை எழுதினாள்.

கிறிஸ்துமஸ் அன்று காலை, கோயிலிலிருந்து திரும்பி அவர்கள் செருப்பைக் கழற்றுமுன்பே போன் அடித்தது. நாகர்கோவில்.

“ஜெபக்கனியாம்மா? பண்டிகை வாழ்த்து. தம்பி நல்லாருக்கானா? எவாக்குட்டி எப்படி இருக்கா? என் வாழ்த்த அவளுக்குச் சொல்லிரு, என்ன?”

குரலில் அவ்வளவு உற்சாகம். ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து எடுத்து வைத்தது போல அத்தனை சுத்தமான உற்சாகம். ஜெபக்கனிக்கு அந்தக் குரலை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. ஒன்பது மாதம் அவள் பேசிய குரல் அது.

போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“நல்லாருக்கா அத்தான்,” என்றாள்.

“அப்படியா! சந்தோஷம்மா, ரொம்ப சந்தோஷம்.”

அதன் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை. நாகர்கோவிலில் யாரோ ஒரு கிழவர் மூக்கை உறிஞ்சுவது, நெடுநேரம், தூத்துக்குடியில் கேட்டுக்கொண்டிருந்தது.