குதிரை மேடையில் ஒரு ரொட்டித் துண்டு

காலை ஆறு மணிக்கு வலைக்கொட்டகையைத் திறந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மேடையில் வருஷா வருஷம் கிடக்கும் ரொட்டித் துண்டு கிடந்தது. மரக்குதிரையைக் காணோம்.

குதிரை என்றால் தலையும் கழுத்தும்தான். கோடை விழாவன்று அதைத் தோளில் சுமந்துபோய்க் கடல் தண்ணீரில் வாயை நனைக்காவிட்டால் போர்த்கரன் ஊர்ப் படகுகள் கரை திரும்பாது என்று இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் அந்த மூலையில் எல்லோரும் நம்பினார்கள். விழா இன்றைக்குத்தான்.

பூட்டு உடையவில்லை. சாவி தொங்குவது டாம்சின் டிரெவின் வீட்டுச் சமையலறையில். குதிரையைச் சுமப்பவர் அவள் கணவர் டிகரி. கோடையில் கடல் பார்க்க வருகிறவர்களுக்கு அறை விடுவது டாம்சினின் பிழைப்பு. களவைக் கண்டுபிடிப்பது அவளுடைய கர்வம். மாதா கோயில் வெள்ளிக் கிண்ணம் போனபோது போலீசுக்கு முன்னால் ஆளைச் சொன்னவள் அவள்தான். அதனால் கான்ஸ்டபிள் நான்ஸ் நேராக அவளிடம் வந்தார்.

"அக்கா, ராத்திரி உங்க வீட்டுல யார் யாரு?"

"நானும் அவரும். அப்புறம் சனிக்கிழமை வந்த ஆக்டனும் அவர் சம்சாரம் நெல்லியும்."

ஆக்டன் வடக்கே ஒரு நெசவாலையில் வேலை பார்ப்பவர். முந்தின நாள் சாப்பாட்டின்போது விருந்தாளிகளுக்கு உலர்திராட்சை போட்ட குங்குமப்பூ ரொட்டியும், பல்செட்டுக்கடியில் திராட்சை மாட்டிக்கொள்கிறது என்று புலம்பும் டிகரிக்குத் திராட்சை போடாத அதே ரொட்டியும் டாம்சின் வைத்தாள். "அண்ணே, உங்க குதிரை பந்தயத்துல ஓடுமா?" என்று ஆக்டன் கேட்டார். டிகரி சிரிக்கவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆக்டன் இப்போது ஈரக்கால்சட்டையோடு கடற்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

"விடியறதுக்கு முன்னாடி எங்க போனீங்க?" என்றாள் டாம்சின்.

"கடலைப் பாக்க."

"தனியாவா?"

"நெல்லி தூங்கிட்டிருந்தா. எங்க ஊர்ல கடல் கிடையாதுங்க."

"குதிரையைக் கேலி பண்ணினீங்கல்ல?"

"சும்மா தமாஷுக்குங்க."

குதிரைத் தலை கொள்ளுமளவு பெரிய தகரப்பெட்டி அவர்களுடையது. டாம்சின் அதைத் தெருவுக்குக் கொண்டுவரச் சொல்லி, ஊரே பார்க்கத் திறக்க வைத்தாள். குதிரை இல்லை. நெல்லியின் உள்பாவாடை காற்றில் புரண்டு கல்தரையில் விழுந்தது. அதில் மூன்று நிறத்தில் ஒட்டுப்போட்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். நெல்லி குனிந்து அதைப் பொறுக்கினாள். டிகரி சுவரோரம் நின்று தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற எங்கயாவது ஒளிச்சிருப்பான். ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் நான்ஸ்.

ஆதாரம் தேடி டாம்சின் கொட்டகைக்குள் போனாள். மேடையையே பார்த்தாள். ரொட்டியை எடுத்துப் பிட்டாள். மஞ்சளாக, மொழுமொழுவென்று இருந்தது. ஒரு திராட்சைகூட இல்லை. துண்டைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

வாயில் போட்டு விழுங்கிவிட்டால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே அவளுக்குக் கூசியது. வெளியே வந்தாள்.

"அவரை விடுங்க நான்ஸ். குதிரை போனா மேடை வெறுமையா இருக்கக் கூடாதுன்னு, தூக்கும்போதுதான் ரொட்டி வைப்போம். இன்னிக்கு இன்னும் தூக்கவே இல்லையே. அப்ப இது எப்படி வந்துச்சு? எல்லாரும் பாத்தோம். விழான்னா கிடக்கற ரொட்டிதானேன்னு ஒருத்தரும் கேக்கலை. சனிக்கிழமை வந்தவருக்கு இந்த வழக்கம் எப்படித் தெரியும்?"

"அப்ப யாரு அக்கா?"

"திராட்சை போடாத குங்குமப்பூ ரொட்டி இந்த ஊர்ல ஒரே ஒருத்தருக்குத்தான். சுடறது நான்."

எல்லோரும் சுவரோரம் திரும்பினார்கள். டிகரி தலை நிமிரவில்லை.

"என் படகுக்கடியில இருக்கு, பத்திரமா. முட்டி மடங்க மாட்டேங்குது டாம்சின். அத்தனை பேர் முன்னாடி குதிரையோட விழுறதைவிட குதிரையே இல்லாமப் போனா தேவலைன்னு தோணிச்சு."

"அப்புறம் ரொட்டி எதுக்கு?"

"வெறும் மேடையா விட்டுட்டு வர மனசு வரலை."

"அந்தம்மா பாவாடையைப் பொறுக்கினப்ப வாயைத் திறக்க மட்டும் மனசு வரலையாக்கும்."



பத்து மணிக்கு ஆக்டன் தம்பதி பஸ் நிறுத்தத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய லீவில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. டாம்சின் ஓட்டமும் நடையுமாக வந்தாள். எங்கேயோ மேளம் தொடங்கியிருந்தது. வேறு யாரோ குதிரையைத் தூக்கியிருந்தார்கள்.

"என் வீட்டுக்காரர் பண்ணினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். தலை காட்ட முடியலைம்மா எனக்கு."

நெல்லி பாவாடை நுனியைப் பெட்டிக்குள் திணித்துக் கொக்கியை மாட்டினாள்.

"அவர் குதிரையைத்தான் எடுத்தாருங்க" என்றாள். "பெட்டியைத் தெருவுல திறக்கச் சொன்னது நீங்க."