மூன்று எண்ணும் வரை

மனைவியின் மூச்சுக்கு விலை இரண்டு மாதச் சம்பளம் என்றார் மருந்துக்கடைக்காரர். பேரம் பேசியதும் ஒன்றரைக்கு இறங்கினார். அங்கேதான் அவனுக்கு உறுத்தியது. அசல் சரக்கு அவ்வளவு லேசில் இறங்காது.

மருந்துக் கிடங்கில் போலி பிடிப்பதுதான் அவன் வேலை. அசல் மாத்திரையின் மேல்பூச்சில் இலைச்சாற்றிலிருந்து எடுத்த சாயம் ஒன்று இருக்கும். சாதாரண வெளிச்சத்தில் வெறும் வெள்ளை. ஊதா விளக்கைக் காட்டினால் சிவப்பாக ஒளிரும். விளக்கை அணைத்த பிறகும் மூன்று எண்ணும் வரை நின்று அடங்கும். விழுங்கியவர் நாக்கிலும் அந்தச் சாயம் ஒரு மணி நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

டப்பாவில் முப்பத்திரண்டு மாத்திரை. வாங்கிய அன்றே அட்டையோடு விளக்கில் காட்டிவிட்டான். அத்தனையும் அசல். தினம் ஒன்றாகத் தன் கையாலேயே கொடுத்தான். அவளோ நாளுக்கு நாள் இளைத்தாள். ராத்திரியெல்லாம் அவள் இருமலுக்கு எழுந்து, பகலெல்லாம் கிடங்கில் கண்ணைக் கசக்கி, கழுவாத பாத்திரங்களுக்கு நடுவே காபியைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, வீட்டுக்குள் எங்கிருந்தோ கசக்கிய பச்சிலை வாடை லேசாக வரும். அந்த மாத்திரைக்கு வாடையே கிடையாது என்று அவனுக்குத் தெரியும்.

முப்பதாம் நாள் மதியம், அவள் மாத்திரையை விழுங்கியதும், மீதி அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் இல்லாத குளியலறைக்கு அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான்.

“நாக்கை நீட்டு.”

கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து அவள் மூச்சு வாங்கினாள். “கட்டின பொண்டாட்டியிலயும் டூப்ளிகேட் வருதாங்க?”

“மாத்திரையத் துப்பிடுறியோன்னு பாக்கறேன்.”

“துப்பறதா? அந்த விலைக்கு வாங்கினதையா? பத்து வருஷம் துணிக்கடையில நின்னவ நான். ஒரு நூலக்கூட வீணாக்க மாட்டேன்.”

அவனுக்குச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. தெம்பில்லை. கதவைச் சாத்தினான். குழாய் சொட்டியது. கையோடு கொண்டுவந்த ஊதா விளக்கைப் போட்டான்.

அவள் நாக்கு கறுத்துக் கிடந்தது. ஒரு பொட்டு சிவப்பில்லை.

“இன்னும் நல்லா. ஆ காட்டு.”

“ஆ.”

தொண்டைக்குள் ஏதோ சிவந்தது. குனிந்தான். பச்சிலை வாடை முகத்தில் அடித்தது. உள்நாக்குக்குப் பின்னால் மாத்திரைகள். கரையாமல். ஒன்றை ஒட்டி ஒன்று. மேலே ஒரு வரிசை. கீழே ஒரு வரிசை.

விளக்கை அணைத்தான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு.

அடங்கவில்லை.

இரண்டு வரிசையும் பற்களைப்போல மெல்ல விலகின. சேர்ந்தன. டக்.

அவன் விரல் அவள் தாடையில் இருந்தது. தாடை அசையவில்லை. வாய் திறந்தது திறந்தபடி. ஆனாலும் அவள் குரல் வந்தது. இருமல் இல்லாமல். மூச்சு வாங்காமல்.

“எண்ணிட்டீங்களா?”

எண்ணியிருந்தான். தொழில் பழக்கம், கண் தானாக எண்ணிவிடும். மேலே பதினைந்து. கீழே பதினைந்து. வரிசைக்கு ஒரு இடம் காலி.

இருட்டில் ஒரு கை அவன் சட்டைப்பையைத் துழாவியது. அட்டையின் தகடு கிழிந்தது.

வரவு முப்பது. பாக்கி இரண்டு.